எதை எண்ணுவது?

டென்மார்க்கில் ரோஸ்கில்டே நகரத்துக்குச் சற்று வடக்கே, நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடலின் கரையில் ரீசோ ஆய்வுக்கூடம் இருக்கிறது. நீல்ஸ் போர் முன்னின்று 1950களில் அணு ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய இடம். 1985இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அணுமின்சாரம் வேண்டாம் என்று தீர்மானித்த பிறகு, காற்றாலையும் சூரிய மின்சாரமும் அங்கே முன்னுக்கு வந்தன. அந்த வளாகத்தின் புல்வெளியில் 2013 வாக்கில் 250 சதுர மீட்டர் பரப்பில் சாய்வான மரமேடை ஒன்றைக் கட்டினார்கள். சூரிய மின்கலம் அச்சடித்த பிளாஸ்டிக் படலத்தைச் சுருளிலிருந்து விரித்து அதன்மேல் ஒட்டினார்கள். நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகம். கூரையில் ஒரு கண்ணாடிப் பலகையை ஏற்றித் திருகு முடுக்கும் நேரத்துக்குள் இங்கே ஒரு முழு வரிசை முடிந்துவிடும்.

அந்தப் படலம் தன்மேல் விழும் வெயிலில் 2 விழுக்காட்டைக்கூட மின்சாரமாக மாற்றவில்லை. அன்று கடையில் கிடைத்த சிலிக்கான் பலகை 15 விழுக்காடு மாற்றியது. ஆய்விதழ்களில் அச்சான 'சாதனை' எண்களோடு வைத்துப் பார்த்தால் ரீசோவின் படலம் தேர்வில் தோற்ற மாணவன். அந்தக் குழுவின் தலைவர் ஃபிரெடரிக் கிரெப்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் வேறொரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயும் என்று காட்டியதற்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னால் பாலிமர் சூரிய மின்கலம் செய்ய உலகமே வரிசையில் நின்றது. ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்யும் முறை இப்படி: விரல் நகம் அளவுக் கண்ணாடித் துண்டு; மேலே இண்டியம் கலந்த ஆக்சைடு பூச்சு; நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சொட்டு மை விட்டு, துண்டை வேகமாகச் சுழற்றுவது. மையில் பெரும்பகுதி சிதறிப் போகும். மிஞ்சியது மெல்லிய படலமாகப் படியும். பிறகு வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி மேலே படியவைப்பது. இப்படிப் பத்து இருபது செய்து, அவற்றில் சிறந்ததன் எண்ணைக் கட்டுரையில் எழுதுவது. அறிவியலாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் படிகளில் எதுவும் ஓர் அச்சகத்துக்குள் நுழையாது.

கிரெப்ஸின் குழு அச்சகத்திலிருந்து பின்னோக்கி யோசித்தது. சுருளிலிருந்து புறப்பட்டு இன்னொரு சுருளில் முடியும் படலத்தின்மேல், சாதாரணக் காற்றில், அடுக்கடுக்காகப் பூச வேண்டும். சூட்டில் காய வைத்தால் பிளாஸ்டிக் நெளியும். எனவே சூட்டுக்கு வரம்பு உண்டு. மேல் அடுக்கின் கரைப்பான் கீழ் அடுக்கைக் கரைத்துவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் விருப்பமாகப் பயன்படும் குளோரின் கலந்த கரைப்பான்களை, ஆட்கள் நின்று வேலை செய்யும் கூடத்தில் லிட்டர் கணக்கில் ஆவியாக விட முடியாது. இண்டியம் விலை அதிகம். அதைப் பூசச் செலவாகும் ஆற்றலும் அதிகம். அதை எடுத்துவிட்டு மெல்லிய வெள்ளிக் கோடுகளை அச்சடித்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அவர்கள் எண்ணியது நாட்களை. ஒரு மின்கலத்தைச் செய்யச் செலவான ஆற்றலை அந்த மின்கலமே திருப்பித் தர எத்தனை நாள் ஆகும்? மரமேடை, ஒட்டுப்பசை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், டென்மார்க்கின் மங்கலான வெயிலில் 277 நாள். ஸ்பெயினின் தெற்கே வைத்தால் 180 நாள். சிலிக்கான் பலகைக்கு அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2 விழுக்காட்டைத் தொடாத மின்கலம் இந்தக் கணக்கில் முந்திவிட்டது.

பயன்பாட்டு ஆராய்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்: எந்த எண்ணைத் துரத்துவது என்ற முடிவு. அது பிசகினால் நல்ல மூளைகளும் வேண்டாத திசையில் வெகுதூரம் போய்விடும். அந்த முடிவு மூன்று வெவ்வேறு துறைகளில் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்ட டென்மார்க் வசதியான நாடு. சூரிய மின்கலத்தோடு பன்றியையும் குழந்தைப் பல்லையும் ஒரே அத்தியாயத்தில் அடைத்திருப்பது அதனால்தான்.

மின்கலக் கதையை முடித்துவிட்டுப் போவோம். 2010இல் அந்தக் குழு ஆப்பிரிக்காவில் மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாக ஒரு விளக்கு செய்தது. எடை 50 கிராம். தாள் மாதிரித் தட்டையாக இருக்கும். ஒரு கன மீட்டர் பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம். பகலில் வெயிலில் விரித்து வைப்பது. இரவில் உருட்டி, இரண்டு மூலைகளில் இருக்கும் பொத்தான்களைச் சேர்த்தால் மேசைமேல் நின்று எரியும். பின்னர், கேட்டவர்களுக்கெல்லாம் அச்சடித்த மின்கலத்தை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். தாராள மனசு மட்டும் காரணமில்லை. தெரியாத ஆட்கள், தெரியாத ஊர்களில், மடித்தும் வெட்டியும் நனைத்தும் பார்த்தால்தான் எங்கே பழுதாகும் என்று தெரியும். பழுது பெரும்பாலும் விளிம்பிலும் இணைப்பிலும்தான் தொடங்கும்: ஒட்டிய ஓரத்தின் வழியே ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே போகும். ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் ஆயுளைத் தன் விருப்பப்படி அளந்துகொண்டிருந்த வழக்கத்துக்கு எதிராக, 2011இல் பொதுவான அளவு முறை ஒன்றும் வந்தது. அதிலும் இந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

வணிகத்தில் வெல்லவில்லை. 2008க்கும் 2012க்கும் இடையில் சிலிக்கான் பலகையின் விலை ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகச் சரிந்தது. மலிவு என்பதுதான் அச்சு மின்கலத்தின் பெரிய வாக்குறுதி; அதைச் சீனத் தொழிற்சாலைகள் சிலிக்கானிலேயே நிறைவேற்றிவிட்டன. அமெரிக்காவில் ஹீகர் சேர்ந்து தொடங்கிய கொனார்க்கா நிறுவனம் 2012இல் திவாலானது. அதன் பிறகு வேதியியலாளர்கள் புது மூலக்கூறுகள் கண்டுபிடித்து, பாலிமர் மின்கலத்தின் திறனை 18 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள். எந்த மின்கலத்தின் திறனை? மறுபடியும் அந்த விரல் நகம் அளவுக் கண்ணாடித் துண்டில் செய்ததன் திறனை.

இனி பன்றிக்கு வருவோம்.

டென்மார்க்கில் மனிதர்கள் சுமார் 60 லட்சம். பன்றிகள் எந்த நாளில் எண்ணினாலும் 1 கோடிக்கு மேல். கூட்டுறவு இறைச்சிக்கூடங்கள் 1887இல் ஹோர்சென்ஸ் ஊரில் தொடங்கின. பன்றி இறைச்சி அந்நாட்டின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று. அதனால் பன்றிக்கு வரும் நோய் அங்கே அரசியல் விஷயம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஜெர்மனிப் பக்கமிருந்து காட்டுப்பன்றி வழியே வந்துவிடக் கூடாது என்று 2019இல் எல்லை நெடுக 70 கிலோமீட்டர் வேலி போட்டார்கள். நல்ல பண்ணைக்குள் நுழைய வேண்டுமானால் விருந்தாளியும் குளித்து, பண்ணையின் உடையை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்படிப் பொத்திப் பாதுகாத்த பன்றிக்கு நாள்தோறும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தார்கள். நோய்க்காக இல்லை. சிறு அளவில் கொடுத்தால் பன்றி சீக்கிரம் எடை கூடும் என்பதால். அன்று உலகின் பெரும்பாலான இடங்களில் அதுதான் வழக்கம். ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்பது ஒன்றே பண்ணைக் கணக்கு.

1990களின் நடுவில் டென்மார்க் அரசுக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஃபிராங்க் ஆரெஸ்ட்ரப், ஹென்ரிக் வேகெனர் முதலியோர் வேறொரு கணக்கைப் போட்டார்கள். வான்கோமைசின் என்பது மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவமனையில் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து. அவோபார்சின் என்ற தீவன மருந்து அதற்கு நெருங்கிய உறவு. ஒன்றுக்குப் பழகிய பாக்டீரியா மற்றதற்கும் அசையாது. 1994இல் அந்நாட்டு நோயாளிகளுக்கெல்லாம் சேர்த்துச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. கால்நடைத் தீவனத்தில் போன அவோபார்சின் 24,000 கிலோ. இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். கோழியிலும் பன்றியிலும் வான்கோமைசினுக்கு மசியாத பாக்டீரியா இருப்பதையும் காட்டினார்கள். 1995இல் அவோபார்சினுக்குத் தடை வந்தது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு போயிருக்கும். தடைக்குப் பிறகு கோழிகளில் அந்த பாக்டீரியா வேகமாகக் குறைந்தது. பன்றிகளில் அசையவில்லை. ஏன்? பன்றிக்கு டைலோசின் என்ற இன்னொரு வளர்ச்சி மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டைலோசினைத் தாங்கும் மரபணுவும் வான்கோமைசினைத் தாங்கும் மரபணுவும் ஒரே டி.என்.ஏ வளையத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றுக்குத் தீனி போட்டால் மற்றதும் கூடவே வாழும். பன்றி வளர்ப்பவர்கள் 1998இல், எடை கூடிய பன்றிகளுக்கு வளர்ச்சி மருந்து கொடுப்பதைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். டைலோசின் போனதும்தான் பன்றிகளில் எண்ணிக்கை சரிந்தது. 1999 முடிவதற்குள் குட்டிகளுக்கும் நிறுத்திவிட்டார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் நியமித்த வல்லுநர் குழு 2002இல் வந்து ஆராய்ந்தது. பெரிய பன்றிகளின் வளர்ச்சியில் சொல்லும்படியான இழப்பு இல்லை. பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியிருந்தது. மொத்தத்தில் ஒரு பன்றிக்கு உற்பத்திச் செலவு சுமார் 1 விழுக்காடு, அதாவது ஒரு யூரோ அளவு, கூடியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இந்தத் தடை வர 2006 ஆனது.

இதில் எண்ணும் வேலைக்குச் சட்டமே துணை நின்றது. 1995இலிருந்து டென்மார்க்கில் கால்நடை மருத்துவர் மருந்து விற்றுப் பெரிய லாபம் பார்க்க முடியாது. பண்ணைக்குத் தவறாமல் போய் ஆலோசனை சொல்வதற்குத்தான் கட்டணம். 2000இலிருந்து எந்தப் பண்ணைக்கு, எந்த வயதுப் பன்றிக்கு, என்ன மருந்து, எவ்வளவு என்று ஒவ்வொரு சீட்டும் பதிவாகிறது. 2010இல் மஞ்சள் அட்டை வந்தது. கால்பந்தில் காட்டும் அதே அட்டைதான்: ஒன்பது மாதச் சராசரி வரம்பைத் தாண்டினால் பண்ணைக்கு எச்சரிக்கை, அடுத்த ஒன்பது மாதத்தில் குறைக்க வேண்டும். பண்ணைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், மருந்தும் குறைந்தது. தடுப்பூசி பக்கம் போனார்கள்.

ஆனால் பால் மறக்கும் குட்டியின் கழிச்சல் விடவில்லை. இயற்கையில் பன்றிக்குட்டி மூன்று, நான்கு மாதம் வரை மெல்ல மெல்லத் தாய்ப்பாலை விடும். பண்ணையில் நான்கு வாரத்தில் ஒரே நாளில் பிரிக்கிறார்கள். தாய்ப்பாலோடு குடலுக்கு வந்துகொண்டிருந்த காப்புப் புரதங்கள் அன்றோடு நிற்கும். வயிற்றில் அமிலம் இன்னும் போதுமான அளவு ஊறுவதில்லை. செரிக்காத சோயாப் புரதம் குடலின் பின்பகுதிக்கு இறங்கும். அங்கே காத்திருக்கும் ஈ.கோலை பாக்டீரியா அதைத் தின்று பெருகும். சில வகை ஈ.கோலை, மயிரிழை போன்ற கொக்கிகளால் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு நஞ்சைக் கக்கும். உடம்புத் தண்ணீரெல்லாம் கழிச்சலாக வெளியேறும். இதற்குத் துத்தநாக ஆக்சைடு அருமையாக வேலை செய்தது. முதல் 14 நாள், ஒரு டன் தீவனத்துக்கு இரண்டரைக் கிலோ துத்தநாகம் என்ற கணக்கில் கொடுத்தால் போதும். உடம்பில் சேர்வது சொற்பம். மீதியெல்லாம் சாணக் குழம்போடு வயலுக்குப் போய் மண்ணில் தங்கும். பத்தாததற்கு, பன்றிகளில் பரவும், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ பாக்டீரியாவில் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு, ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவின் அருகிலேயே இருந்தது. டைலோசின் கற்றுக்கொடுத்த அதே பாடம். 2022 ஜூன் மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கும் தடை.

மாற்று என்ன? தீவனத்தில் புரதத்தைக் குறைப்பது, தாயோடு இன்னும் சில நாள் விடுவது, புளிக்க வைத்த தீவனம், ஈ.கோலையின் கொக்கி ஒட்ட முடியாத குடல் உள்ள பன்றிகளைத் தேர்ந்து இனவிருத்தி செய்வது என்று பலவும் நடக்கின்றன. எதுவும் தனியாகத் துத்தநாகத்தின் இடத்தை நிரப்பவில்லை. தடைக்குப் பிறகு குட்டிகளுக்கான ஆன்டிபயாடிக், குறிப்பாக நியோமைசின், மறுபடி ஏறியது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே நாட்டு இனவிருத்தி ஆராய்ச்சி, ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்ற எண்ணை விடாமல் துரத்தி, சராசரியை 17க்கு மேல் கொண்டுபோனது. தாய்ப்பன்றிக்கு மடிக்காம்பு 14லிருந்து 16 வரைதான் இருக்கும். மெலிந்து பிறந்த குட்டிதான் கழிச்சலில் முதலில் விழுகிறது. ஒரு பிரிவு எண்ணைக் கூட்ட, இன்னொரு பிரிவு அதன் விளைவுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது கதை பால்டிக் கடலிலுள்ள போர்ன்ஹோம் தீவில் நடந்தது. தீவின் கிழக்குக் கரையில் நெக்சோ என்ற சிற்றூர். மார்டின் ஆண்டர்சன் நெக்சோ என்ற நாவலாசிரியர் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட ஊர். பல் மருத்துவர்களுக்கு அது வேறு காரணத்துக்காகத் தெரியும்.

டென்மார்க்கில் 1970களின் தொடக்கத்தில் வந்த சட்டப்படி பள்ளிப் பிள்ளைகளுக்கு நகராட்சியே இலவசமாகப் பல் பார்க்கிறது. பின்னர் அது 18 வயதுவரை நீண்டது. 2022இலிருந்து படிப்படியாக அதை 21 வரை நீட்டினார்கள். மருத்துவருக்கு மாதச் சம்பளம். எத்தனை பல்லைத் துளைத்து அடைத்தார் என்பதற்குக் கூலி இல்லை. இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அடுத்து வரும் கதை நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1980களில் கோபன்ஹேகனில் ஆண்டர்ஸ் தில்ஸ்ட்ரப், கிம் எக்ஸ்ட்ராண்ட், ஜோவானா கார்வாலோ மூவரும் ஒரு சின்னக் கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள். குழந்தைகளின் சொத்தை ஏன் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் மேல்பள்ளங்களிலேயே அதிகம் விழுகிறது? பள்ளம் ஆழமாக இருப்பதால் என்பதே எல்லோரும் சொன்ன பதில். அவர்கள் பல் முளைக்கும்போதே பார்த்தார்கள். முதல் கடைவாய்ப்பல் ஈறைக் கிழித்துத் தலைகாட்டியதிலிருந்து எதிர்ப்பல்லைத் தொட ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது; பன்னிரண்டு வயதில் வரும் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வருடம்கூட ஆகிறது. அதுவரை அதன்மேல் எதிர்ப்பல் இடிப்பதில்லை, சாப்பாடு உரசுவதில்லை. பிரஷ்ஷும் படாது: உயரமான பையன்கள் நடுவே நிற்கும் குள்ளப் பையன் தலையில் கை படாத மாதிரி, முன்னாலுள்ள பற்களின்மேல் வழுக்கி அதைத் தாண்டிப் போய்விடும். பாக்டீரியாப் படலம் அங்கே சுகமாகக் குடியிருக்கிறது. பல் முழுதாக எழுந்து மெல்லத் தொடங்கியதும் படலம் தேய்ந்து குறைகிறது. தொடங்கியிருந்த சொத்தைகூடப் பல சமயம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆபத்து பள்ளத்தைவிட, பல் எழும் அந்த இடைக்காலத்தில்தான் அதிகம். 1989இல் இதை வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1987இல், நெக்சோவின் நகராட்சிப் பல் மருத்துவமனையில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கிறிஸ்டியான்சன் என்பவர் அங்கே எக்ஸ்ட்ராண்டோடு சேர்ந்து அதை வளர்த்தார். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போதே பெற்றோரை அழைக்கிறார்கள். வாயில் சாயம் தடவிப் படலம் எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கே காட்டி, அவர்கள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துத் துலக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். முளைக்கும் கடைவாய்ப் பல்லுக்கு பிரஷ்ஷைக் குறுக்காகப் பிடிக்கப் பழக்குகிறார்கள். அதோடு பற்பசையில் ஃபுளோரைடு. தேவைப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் ஃபுளோரைடுப் பூச்சு. அதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்தை மூடும் பிசின் பூச்சு. துளையிடுவது கடைசி.

எனக்கு இதில் பிடித்தது, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் விதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று எல்லோருக்கும் ஒரே தேதி கிடையாது. நான்கு கேள்விகள்: பெற்றோர் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள்? சொத்தை முன்னேறுகிறதா? கடைவாய்ப்பல் முளைத்துக்கொண்டிருக்கிறதா? அதன் மேற்பரப்பில் சொத்தைக்கு அறிகுறி உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்து இடைவெளியைக் குறிக்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் குழந்தை அடிக்கடி வரும். நன்றாக இருக்கும் குழந்தை வெகுநாள் கழித்து வரும். மருத்துவரின் நேரம் தேவைப்படும் வாய்களுக்குப் போகிறது.

இந்த முறை வருவதற்கு முன் நெக்சோவின் நிலை மோசமாக இருந்தது; இதில் வளர்ந்த பிள்ளைகள் 18 வயதை எட்டியபோது நாட்டிலேயே சொத்தை மிகக் குறைந்த ஊர்களின் வரிசைக்கு வந்தார்கள். மாஸ்கோவின் சோல்ன்ட்செவ்ஸ்கி பகுதியில் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தபோதும் சொத்தை குறைந்தது. நெதர்லாந்திலும் இது வேறு பெயரில் நடக்கிறது. ஆனாலும் உலகம் முழுக்கப் பரவவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. துளைத்து அடைத்தால் ரசீது எழுதலாம். ஒரு தாய்க்கு அரை மணி நேரம் பிரஷ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததற்குப் பெரும்பாலான நாடுகளின் கட்டணப் பட்டியலில் வரி கிடையாது.

நெக்சோ முறைக்கு இயந்திரம் வேண்டாம் என்பதால் இதை உங்களிடம் நேரடியாகக் கேட்கலாம். வீட்டில் ஐந்தரை, ஆறு வயதில் பிள்ளை இருந்தால் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே வெள்ளையாகத் தலைகாட்டுவது விழுந்து முளைக்கப்போகும் பால்பல் இல்லை. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே வைத்து, பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையோடு, காலையும் இரவும் அதை மட்டும் தனியாகத் தேயுங்கள். எதிர்ப்பல்லைத் தொடும்வரை அந்த வேலையைப் பிள்ளையிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.